கட்டும் கட்டவிழ்ப்பும்: இருட்காதல் கதைகளின் ஈர்ப்பும் நாஞ்சில் நாட்டு நீலியும்

சுட்ட மண்ணில் செய்யும் இசக்கியம்மன் உருவங்களில் ஒரு வகை உண்டு. கையில் ஒரு பிள்ளை இருக்கும். வாயில், பல்லுக்கு நடுவே, இன்னொரு பிள்ளை இருக்கும். குமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய நெல்லைப் பகுதியிலும் பிள்ளை இல்லாத பெண்கள் இசக்கியின் முன்தான் நேர்ந்துகொள்கிறார்கள்; மரத்தில் சிறு தொட்டில் கட்டுகிறார்கள்; பிள்ளை பிறந்தபின் மண்ணில் பிள்ளையுருவம் செய்து வைக்கிறார்கள். தின்கிறவளிடமே காவல் கேட்கும் இந்த வழக்கத்தை ‘பயபக்தி’ என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டு மேலே நடந்துவிடலாம். ஆனால் வழிபாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இலக்கிய வகைக்குள்ளும் இதே முடிச்சு கிடக்கிறது. இரத்தக்காட்டேரியையும் ஓநாய் மனிதனையும் காதலனாக்கி எழுதப்படும் இருட்காதல் கதைகள் அவை. கொல்ல வல்லவனையே தேடிப் போய்க் காதலிக்கும் பெண்ணைப் பற்றிய அந்தக் கதைகளை உலகெங்கும் பெரும்பாலும் பெண்கள் படிக்கிறார்கள். தமிழிலும் பிரதிலிபி போன்ற தளங்களில் அமானுஷ்யக் காதல் தொடர்களும், முரட்டு நாயகனை ‘ஆன்டி ஹீரோ’ என்று கொண்டாடும் தொடர்களும் பெருகிக் கிடக்கின்றன. அவற்றை அப்படியே மேலைநாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவோர், முப்பந்தல் கோயிலில் கொடைவிழா கொள்ளும் இசக்கியின் கதையைக் காது கொடுத்துக் கேட்டவர்களாக இருக்க முடியாது.

இந்த இலக்கிய வகையின் வரலாறு ஓரளவு தெரிந்ததே. 1819-இல் ஜான் பாலிடோரி எழுதிய ‘தி வாம்பயர்’ ஆங்கில உரைநடையில் காட்டேரியை நாகரிகச் சீமானாக்கியது. 1872-இல் ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’, 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’. அதன்பின் 1976-இல் ஆன் ரைஸ் காட்டேரியையே பேச வைத்தார். 2005-இல் தொடங்கிய ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ வரிசையில் காட்டேரி பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பலகையில் உட்காரும் காதலனானான். ஓநாயாய் மாறும் ஜேக்கப் போட்டிக்கு வந்தான். இந்த ஈர்ப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: விலக்கப்பட்டது இனிக்கும், ஆபத்து கிளர்ச்சியூட்டும். காரணம் பொய்யில்லை, ஆனால் போதாது. ஆபத்துதான் இனிப்பதென்றால் புலிக்கதைகள் காதல்கதைகளாக வேண்டும், கொள்ளைநோய்க் கதைகளும் அப்படியே. புலியிடம் யாரும் வாக்குக் கேட்பதில்லை. காட்டேரிக் காதலின் மையத்தில் எப்போதும் ஒரு வாக்கு இருக்கிறது என்பதே இக்கட்டுரை பிடித்துக்கொள்ளும் நுனி.

தமிழில் ‘கட்டு’ என்ற சொல் இதற்காகவே செய்துவைத்தது போலிருக்கிறது. பேயைக் கட்டுகிறார்கள், பெண்ணையும் கட்டுகிறார்கள். மந்திரவாதி போடுவதும் கட்டு, திருமணமும் கால்கட்டு. ஊர்க் கூட்டம் விதிப்பது கட்டுப்பாடு, அதை மீறினால் ஊர்க்கட்டு. இருட்காதல் கதையில் வாசகி தேடுவது ஆபத்தை அல்ல என்பது என் வாதம். அளவற்ற வலிமையுள்ள ஒன்று, யாரும் வற்புறுத்தாமலே, தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் காட்சிதான் அவள் தேடுவது. தன்னைவிட உடல்வலிமையும் பணவலிமையும் சட்டவலிமையும் மிகுந்த ஒருவனோடு ஒரே வீட்டில் ஆயுள் முழுதும் இருக்க வேண்டியவளுக்கு, அவனை எது கட்டும் என்பது கற்பனைக் கேள்வி ஆகாது. காட்டேரி அந்தக் கேள்வியை உருப்பெருக்கிக் காட்டும் கண்ணாடி. ‘ட்விலைட்’ நாயகன் மனித இரத்தத்தைத் தவிர்த்து விலங்கின் இரத்தத்தில் நிறைவுகாண்கிறான். மணம் முடிந்த பிறகே மற்றதெல்லாம் என்கிறான். ஓநாய் ஜேக்கப்போ ஒருத்தியைக் கண்ட கணத்திலேயே வாழ்நாள் முழுதும் அவளோடு பிணைக்கப்பட்டுவிடுகிறான். அவனுக்கு மீற வழியே இல்லை. முன்னவனிடம் விரதம், பின்னவனிடம் விதி. இரண்டும் கட்டுதான். டிராகுலாவுக்கேகூட ஒரு கட்டு இருக்கிறது: வீட்டார் ஒருவர் அழைக்காமல் அவன் வாசற்படி தாண்ட முடியாது.

பாலிடோரியின் சிறுகதையை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தால் ஒன்று துலங்குகிறது. ருத்வென் பிரபு சாகும் தருவாயில் ஆப்ரியிடம் ஓர் ஆண்டும் ஒரு நாளும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறான். அந்தச் சத்தியம் முடிவதற்குள் மீண்டு வந்து ஆப்ரியின் தங்கையையே மணக்கிறான். அவள் அவனுக்கு இரையாகிறாள். வாக்கு மனிதனைக் கட்டியது, காட்டேரியை அவிழ்த்துவிட்டது. இந்த வகையின் தொடக்கக் கதையே வாக்கு யாரைக் கட்டுகிறது, யாரைக் கட்டாமல் விடுகிறது என்ற வழக்காகவும், ஊரறிந்த திருமணம் கொலைக்கு மறைப்பாகும் கதையாகவும் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இசக்கியாக வழிபடப்படும் நீலியின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அது ஏற்கெனவே கேட்ட கதைபோல் ஒலிக்கும்.

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் பாடப்படும் நீலி கதையின் பாடங்கள் பல. பெயரும் ஊரும் பாடத்துக்குப் பாடம் மாறும். எலும்புக்கூடு இதுதான். கோயில் பூசைக்காரன் மகனான பிராமண இளைஞன் ஒருவன் தாசி ஒருத்தியின் வீட்டில் கைப்பொருள் முழுவதையும் இழக்கிறான். பொருள் தீர்ந்ததும் தாய்க்கிழவி அவனைத் துரத்துகிறாள். மகளோ அவனை உண்மையிலேயே விரும்பியவள். நகைகளை அணிந்தபடி அவன் பின்னால் வருகிறாள். காட்டுவழியில் களைத்து அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். அவன் மணலைக் குவித்து, அவள் தலையை மடியிலிருந்து மெல்ல எடுத்து மணல்மேல் வைக்கிறான். பிறகு கல்லைத் தூக்கிப் போடுகிறான். சாகும்போது அருகில் நின்ற கள்ளிச்செடியை அவள் சாட்சியாக்குகிறாள். தேடிவந்த அண்ணன் அவள் உடலைக் கண்டு உயிர்விடுகிறான். நகையோடு போனவனைப் பாம்பு தீண்டுகிறது. மறுபிறப்பில் அண்ணனும் தங்கையும் சோழ அரசனுக்கு நீலன், நீலியாகப் பிறந்து, இரவில் ஆடுமாடுகளைக் கொன்று தின்று, காட்டில் விடப்படுகிறார்கள். கொன்றவன் செட்டியாகப் பிறக்கிறான். அவன் கையில் மந்திரக் காப்பு ஒன்று இருக்கிறது. சில பாடங்களில் கத்தி, சிலவற்றில் கோல். அது இருக்கும்வரை நீலி அவனை நெருங்க முடியாது.

அப்போது அவள் செய்வதுதான் கதையின் உச்சம். கள்ளிக்கொம்பு ஒன்றை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர்ப் பெரியவர்களான வேளாளர் முன் போய் நின்று, இவன் என் கணவன், என்னையும் பிள்ளையையும் கைவிட்டுப் போகிறான் என்று முறையிடுகிறாள். பிள்ளையை இறக்கிவிட்டதும் அது செட்டியிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று ஊரார் வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் கையிலிருந்த காப்பை வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடியும்போது அவன் வயிறு கிழிந்து கிடக்கிறான். வாக்குக் கொடுத்தவர்கள் தங்கள் உயிரை ஈடாகத் தருகிறார்கள். தொண்டைநாட்டுப் பழையனூர் மரபில் அவர்கள் எழுபது பேர், தீப்புகுந்து மாண்டார்கள்.

இந்தக் காட்சியில் இரண்டு கட்டுகள் மோதுகின்றன. மந்திரக் கட்டு செட்டியைக் காக்கிறது. குடும்பக் கட்டை நிலைநாட்ட வேண்டி ஊரே அந்த மந்திரக் கட்டை அவிழ்க்கிறது. நீலி ஒரு முடிச்சையும் தானாக அவிழ்க்கவில்லை. திருமணம் என்ற நிறுவனத்தின் விதிகளையே அவள் பயன்படுத்துகிறாள். இதைவிடக் கூர்மையான ஒன்றும் இருக்கிறது. இந்தப் பிறவிக் கணக்கில் அவள் சொல்வது பொய்: அவன் கணவனல்லன், பிள்ளை வெறும் கள்ளி. முற்பிறவிக் கணக்கில் அவள் சொல்வதில் முக்கால் பங்கு உண்மை: நம்பி வந்தவளைக் கைவிட்டவன்தான் அவன். ஆனால் முற்பிறவியில் அவள் தாசி. தாசியாக எந்த ஊர்க்கூட்டத்தின் முன் போய் நின்று இவன் எனக்கு உரியவன் என்று வழக்குரைத்திருந்தாலும் சிரித்து அனுப்பியிருப்பார்கள். உண்மையைச் சொல்லிப் பெற முடியாத உரிமையை அவள் பொய்சாட்சியைக் கொண்டு பெறுகிறாள். அந்தப் பொய்சாட்சியோ முற்பிறவியில் மெய்சாட்சியாக நின்ற அதே கள்ளி. வில்லுப்பாட்டுப் புலவர்களின் கதைக்கட்டுமானத்தை எளிய நாட்டார் புனைவு என்று எண்ணுபவர்கள் இந்த ஒரு திருப்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டில் இந்தக் காட்சி ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்குச் சொத்துரிமை வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் நெடுங்காலம் மருமக்கள்வழியைப் பின்பற்றியவர்கள். கணவன் இறந்தால் அவன் குடும்பச்சொத்து அவன் சகோதரியின் மக்களுக்குப் போகும். மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் உகந்துடைமை என்ற சிறு பங்குக்கு மேல் உரிமை கிடையாது. குடும்பத் தலைவரான ஒரு காரணவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவளின் வாயால் அந்த அவலத்தைச் சொன்னது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகே மக்கள்வழி வாரிசுரிமை நிலைத்தது. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வேளாளர் சபையின் முன் நின்று, இவன் என் கணவன், இது அவன் பிள்ளை, எங்களுக்கு வழி சொல்லுங்கள் என்று கேட்கும் காட்சியை, அப்படிக் கேட்டால் அதிகம் ஒன்றும் கிடைக்காத பெண்கள் கொடை இரவில் உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே பேய் கேட்டது கிடைத்தது. மேலைநாட்டு வாசகியின் காட்டேரியைப் போலவே நீலியும் வீட்டுக்குள் இருந்த ஒரு கேள்வியின் உருப்பெருக்கம். விடையின் திசை மட்டும் வேறு.

இக்கதை நாஞ்சில் நாட்டில் பிறந்ததல்ல, பழையனூர் நீலி தொண்டைநாட்டுப் பழங்கதை, மருமக்கள்வழி இல்லாத மண்ணிலும் அது வழங்கியது என்று மறுக்கலாம். மறுப்பு சரியானது, சேக்கிழார் காலத்திலேயே பழையனூர் வேளாளரின் சொல்தவறாமை புகழ்பெற்றிருந்தது. ஆனால் ஒரு கதை எங்கே பிறந்தது என்பதும், அது ஓரூரில் ஏன் பிடித்துக்கொண்டது என்பதும் வெவ்வேறு கேள்விகள். தொண்டைநாட்டில் இக்கதையில் போற்றப்படுபவர்கள் வாக்குக்காகத் தீப்புகுந்த வேளாளர்கள். நீலி அங்கே வஞ்சகத்துக்கு உவமை. இன்றும் நடிப்பழுகையை நீலிக்கண்ணீர் என்கிறோம். நாஞ்சில் நாட்டிலோ கோயில் நீலிக்கு. கொடையும் மஞ்சணையும் சிவப்புச் சேலையும் அவளுக்கு. ஒரே வழக்கின் தீர்ப்பு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப்புறம் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. யார் பக்கமிருந்து கதை கேட்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குமரி மாவட்ட வில்லுப்பாட்டை விரிவாக ஆராய்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன், 1988-இல் வெளியான தம் நூலில், தெய்வப்பிறப்புக் கதைகளையும் கொடுஞ்சாவால் தெய்வமானவர் கதைகளையும் பிரித்துக் காட்டினார். இரண்டாம் வகையே கொடையின் மையத்தில் பாடப்படுவது. அப்போதுதான் சாமியாடியான கோமரத்தாடி மேல் தெய்வம் ஏறும். பொன்னிறத்தாள் கதையிலும் வயிற்றில் பிள்ளையோடு கொலையுண்டவளே தெய்வமாகிறாள். இங்கே ஒரு மறுப்பு எழும்: வழிபாட்டில் பாடப்படும் கதையையும், பயணத்தில் கைப்பேசியில் படிக்கும் தொடர்கதையையும் ஒரே தட்டில் வைக்கலாமா? ஒன்றில் நம்பிக்கை, மற்றதில் பொழுதுபோக்கு. நம்பிக்கை–பொழுதுபோக்கு என்ற இந்தப் பிரிவு வில்லிசை மேடையைப் பார்த்தால் அவ்வளவு உறுதியாக நிற்காது. அங்கே புலவர் நகைச்சுவை செய்கிறார், உள்ளூர்ச் செய்திகளைச் செருகுகிறார், தாய்க்கிழவியின் பேராசையை நடித்துக் காட்டுகிறார். மடியிலிருந்து தலையை எடுத்து மணலில் வைக்கும் இடத்தில் கூட்டம் அடங்குகிறது. அந்த அடக்கத்துக்குப் பக்தி மட்டும் காரணமல்ல. கதை கேட்கும் மனம் எல்லா இடத்திலும் செய்வதைத்தான் அங்கேயும் செய்கிறது. எதிர்த்திசையில், ஒரே தொடரை ஐந்தாறு முறை படிக்கும் வாசகியிடமும் சடங்கின் சாயல் இல்லாமலில்லை. அமெரிக்காவில் காதல்கதை படிக்கும் பெண்களை நேரில் கண்டு ஜானிஸ் ராட்வே 1984-இல் எழுதிய ஆய்வு, நாயகனின் கடுமையை அன்பின் மறைவடிவமாக மாற்றிப் படிக்கவே அவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தார்கள் என்று காட்டியது. அச்சத்தை எடுத்து அதற்குப் பொறுக்கத்தக்க ஓர் உருவம் கொடுப்பது இரண்டு இடத்திலும் நடக்கிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது. நீலியை ஒத்த யட்சி என்ற பேய்ப்பெண் ஆணின் அச்சத்தில் பிறந்தவள். தனிவழியில் பனைமரத்தடியில் அழகியாக நின்று சுண்ணாம்பு கேட்பாள், மறுநாள் வழிப்போக்கனின் முடியும் நகமும் மட்டும் கிடக்கும். இதில் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘யட்சி’ (1967) அந்த அச்சத்தைத் துருவிப் பார்த்த நாவல். ஆய்வுக்கூட விபத்தில் முகம் சிதைந்த பேராசிரியன் தன் அழகிய மனைவியை யட்சியோ என்று ஐயுறுகிறான். அங்கே பேய் இருப்பது அவன் மனத்தில்தான். ஆணின் யட்சி இப்படிப்பட்டவள் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வழிப்போக்கன் கதை நடுவில் தொடங்குகிறது. அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்று அது கேட்பதே இல்லை. கொடைக்கதை முதலிலிருந்து தொடங்குகிறது. மடி, மணல், கல், கள்ளி என்று காரணத்தோடு வருகிறது. ஒரே உருவத்தை இருவர் இரண்டு பக்கமிருந்து சொல்கிறார்கள்.

அந்த இரண்டு பக்கமும் ஒரே கதைக்குள் மோதும் இடம் மந்திரவாதியான கடமற்றத்துக் கத்தனாரின் கதை. பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் ஆட்களைக் கொன்ற யட்சியைக் கத்தனார் உச்சந்தலையில் இரும்பாணி அடித்து அடக்குகிறார். மக்கள் வழக்கில் அவள்தான் கள்ளியங்காட்டு நீலி. நாகர்கோவில் பார்வதிபுரத்தை அடுத்த கள்ளியங்காட்டின் பெயரோடு ஒட்டியவள். ஆணி அடித்ததும் சாதாரணப் பெண்ணாகி, வீட்டுவேலைக்கு ஆளாகிறாள். காயங்குளத்தில் ஒரு வீட்டில் கிழவி ஒருத்தி அவளுக்குத் தலைவாரிவிடும்போது விரலில் ஆணி தட்டுப்படுகிறது, பிடுங்கிவிடுகிறாள், யட்சி மறைகிறாள். கொட்டாரத்தில் சங்குண்ணி ‘ஐதிஹ்யமாலை’யில் எழுதிவைத்த இக்கதை கத்தனாரின் வல்லமையைச் சொல்ல வந்தது. ஆனால் என் கண் நிற்பது கிழவியின் விரலில். மந்திரம் தெரியாத, தீங்கும் எண்ணாத ஒரு பெண், இன்னொரு பெண்ணின் தலையில் இவ்வளவு பெரிய ஆணி எதற்கு என்ற இரக்கத்தில், பெரிய மந்திரவாதியின் கட்டை அவிழ்க்கிறாள். ஆணியடித்துப் பெற்ற அடக்கம் குடும்பப்பெண் வேடம்தான் என்பதை இக்கதை, தான் உணராமலே, சொல்லிவிடுகிறது.

தமிழ்ப் பேய்களில் ஆண் காதலனும் உண்டு. அவனைக் காணாமல் விடுவதால்தான் காட்டேரிக் காதலன் அயல்நாட்டுச் சரக்காகத் தோன்றுகிறான். வடதமிழ்நாட்டில் களப்பணி செய்த இசபெல் நபக்கோவ், 2000-இல் வெளியிட்ட நூலில் ஒன்றைச் சுட்டினார்: பெண்களைப் பிடிக்கும் பேய்களில் காதல் நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் ஆவிகளே மிகுதி, பிடிபடுபவர்களில் புதிதாக மணமானவர்கள் மிகுதி. பேயோட்டும்போது அவள் உச்சிமுடியை மரத்தில் ஆணியடித்து, வெட்டி, அவனைப் பிரிக்கிறார்கள். செத்த காதலனிடமிருந்து அவிழ்த்து உயிருள்ள கணவனோடு மறுபடி கட்டும் சடங்கு அது என்பது நபக்கோவின் வாசிப்பு. இறந்தவன் ஒருவன் தன்னை விடாமல் விரும்புகிறான் என்பது, தன்னை விரும்புகிறானா என்றே தெரியாத ஒரு வீட்டில் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு எத்தகைய பேச்சுமொழியாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழு’ (1993) இந்த ஊகத்தின்மேல் எழுந்த படம். அதன் மாளிகைக் காட்சிகளில் சில எடுக்கப்பட்டதும் பத்மநாபபுரம் அரண்மனையில்தான். வேலையிலேயே மூழ்கிய கணவனோடு பழைய வீட்டுக்கு வரும் கங்கை, கொலையுண்ட தஞ்சாவூர் ஆட்டக்காரி நாகவல்லியின் காதல் கதையைக் கேட்டுக் கேட்டு அவளாகவே ஆகிறாள். பேய்க்காதல் கதையின் வாசகியைப் பற்றி இந்திய சினிமா எடுத்த மிக நுட்பமான படம் அதுவென்பேன். பெயரே ஒரு பூட்டு. கங்கை தேடுவது ஆபத்தையா? தன்னை விரும்பிய ஒருவன் இருந்தான் என்ற கதையை.

இனி, இத்தகைய கதைகள் வன்முறையை அழகாக்கிக் காட்டுகின்றன என்ற குற்றச்சாட்டு. இதைத் தள்ளிவிட முடியாது. பெண்ணைக் கடத்துவதும் மிரட்டுவதும் அன்பின் அடையாளமாக எழுதப்படும் ஆன்டி ஹீரோ தொடர்களில் கட்டு என்பது நாயகிக்கு மட்டுமே விழுகிறது. நாயகன் கடைசி அத்தியாயத்தில் ஒரு மன்னிப்போடு தப்பித்துக்கொள்கிறான். என் வாதப்படி அவை இந்த வகையின் தோல்விகள்: வலிமை தன்னைக் கட்டிக்கொள்ளும் காட்சிக்குப் பதில், கட்டுண்டவள் பழகிப்போகும் காட்சியைத் தருகின்றன. ஆனால் குற்றச்சாட்டை இன்னும் ஓரடி கொண்டுபோக வேண்டும். மிகச் சிறந்த காட்டேரிக் காதலிலும் கட்டு அவன் விருப்பத்தைச் சார்ந்தது. அவன் நாளை விரதத்தை முறித்தால்? அந்தக் கேள்வியை அக்கதைகள் கேட்பதில்லை. கேட்டால் காதல் நிற்காது. நீலி கதை தொடங்குவதே அங்குதான். கல்லெறிந்தவன் பேயுமல்லன், பல் நீண்டவனுமல்லன். மடி கொடுத்த சாதாரண ஆண். இருட்காதல் மறைத்துவைக்கும் பின்பாதியை நாஞ்சில் நாட்டார் விளக்கு வைத்துப் பாடினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. ஈர்ப்பு இரண்டிலும் ஒன்றே. ஒன்று வாக்கு காக்கப்படும் என்ற ஆசையிலும் மற்றது வாக்கு முறிந்தபின் என்ன என்ற கணக்கிலும் அதைத் தேடுகிறது.

அண்மைக் கலைப்படைப்புகள் நீலியை எடுத்தாள்வதை இந்த அளவுகோலில் பார்க்கலாம். ஜெயமோகனின் ‘காடு’ (2003) நாயகன் கிரிதரன் காதலிக்கும் மலைப்பெண்ணுக்கு நீலி என்று பெயர் வைத்தது. குமரியின் வாசகனுக்கு அந்தப் பெயரே ஓர் எச்சரிக்கை. நாவலோ பேயை வரவிடாமல், கீழ்நாட்டு இளைஞனின் மயக்கத்தையே காட்டின் மர்மமாக்கியது. கைவிடுபவன் யார் என்ற பழைய கேள்வி அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2025-இல் வந்த மலையாளப் படம் ‘லோகா’ வேறு வழி போயிற்று. டொமினிக் அருண் இயக்கத்தில் கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற சந்திரா என்ற பாத்திரம் கள்ளியங்காட்டு நீலியே. மேலைக் காட்டேரியின் குணங்களும் மீநாயகியின் வலிமையும் கொண்டு இன்றைய பெங்களூரில் வாழ்கிறாள். அவள் முற்கதை ஆதிக்கத்தால் குடும்பத்தை இழந்த பழங்குடிச் சிறுமியின் கதையாக மாற்றப்பட்டிருக்கிறது. வஞ்சிக்கப்பட்ட தாசியை விட்டு, ஒடுக்கப்பட்ட இனத்தின் பிள்ளையை எடுத்துக்கொண்டது அரசியலாக நியாயமான மாற்றம். ஆனால் மடியும் மணலும் போய்விட்டன. கள்ளிப்பிள்ளையும் சபையும் போய்விட்டன. எதிர்வீட்டு இளைஞன் அவளைக் கண்டு மலைக்கிறான், அஞ்சுகிறான், உடன் நிற்கிறான். அவனிடம் அவளுக்கு எந்த வழக்கும் இல்லை. வழக்கில்லாத நீலி வெல்வதற்கு எதிரிகள் வேண்டியிருக்கிறது. படம் அவர்களைத் தாராளமாகத் தருகிறது.

கட்டு ஆணிக்குள்ளும் ஊர்ச்சபைக்குள்ளும் காட்டேரியின் விரதத்துக்குள்ளும் அடங்கிவிடவில்லை என்பதற்குக் குமரியிலேயே இன்னும் பழைய சான்று இருக்கிறது. ‘இசக்கி’ என்ற பெயர் ‘இயக்கி’யின் திரிபு, சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் மாதரி இயக்கிக்குப் பால்மடை கொடுத்து வருகிறாள். சமண மரபில் இயக்கியர் தீர்த்தங்கரரின் காவல்தெய்வங்கள். பழையனூர் நீலியையே சமணம் ‘நீலகேசி’யில் எடுத்துக்கொண்டு, முனிவரை மயக்க வந்து தோற்று, அறம் கேட்டு, பிற சமயத்தாரோடு வாதிடும் தத்துவியாக்கியது, பேயைக் கட்ட அது கண்ட வழி தருக்கம். மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு ஆய்வேள் அரசரின் கல்வெட்டுள்ள சமணப் பள்ளியில், அம்பிகை இயக்கியின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. பிள்ளைகளும் சிங்கமும் உடன் இருக்கின்றன. சமணர் சொல்லும் கதையில் அம்பிகை ஒரு பிராமணனின் மனைவி. துறவிக்கு உணவளித்ததற்காக அவன் அவளைப் பிள்ளைகளோடு வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பின்பு மனம்மாறி அழைக்க வருகிறான். அவன் அடிக்கத்தான் வருகிறான் என்று அஞ்சி அவள் உயிர்விடுகிறாள், இயக்கியாகிறாள். கணவனும் இறந்து, விலங்காகப் பிறந்து, அவளுக்கு ஊர்தியாகிறான். சிதறால் பாறையில் அவள் அருகே நிற்கும் சிங்கம் அவன்தான்.